இரண்டு சர்வர்களுக்கு நடுவே ஓடும் கேபிள்

போன மாதம் எங்கள் மருத்துவமனையின் சர்வர் அறையைத் தரைத்தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து, விடிகாலை நாலரைக்கு முடித்தோம். சர்வர், ஸ்டோரேஜ், யுபிஎஸ் என்று கனமானவற்றையெல்லாம் மேலே ஏற்றி ரேக்கில் பூட்டுவதற்குள் பாதி ராத்திரி போய்விட்டது. மிச்ச நேரத்தில் பெரும்பகுதியை நான்கு பேட்ச் கார்டுகள் (இரண்டு முனையிலும் செருகும் தலை உள்ள குட்டி நெட்வொர்க் கேபிள்கள்) எடுத்துக்கொண்டன. கூட வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு கட்டத்தில் கேட்டே விட்டார்: "ஏனுங்க மேடம், இந்த நாலு செவப்பு ஒயருக்கு இவ்வளவு நேரமுங்களா? இதுல நெட்டுகூட வராதுன்னு சொன்னீங்களே?"

நியாயமான கேள்வி. அந்த நான்கு ஒயரிலும் இன்டர்நெட் வராது. எந்த வார்டு கம்ப்யூட்டரும் அவற்றைத் தொடாது. ஆனால் அவை சரியில்லை என்றால் பில்லிங், லேப், மருந்தகம் மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும். எங்களுக்கு இரண்டு முறை அப்படி நின்றிருக்கிறது. இரண்டு முறையும் கேபிள் அறுந்து போகவில்லை. அது எங்கே செருகப்பட்டிருந்தது என்பதில்தான் கோளாறு. இதே வேலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது இரண்டு நோடு ஆரக்கிள் ராக் (RAC): பல சர்வர்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸை நடத்தும் ஏற்பாடு, அதில் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. இரண்டு சர்வர், ஒரே டேட்டாபேஸ். டேட்டா பொதுவான ஸ்டோரேஜில் இருக்கிறது. இரண்டு சர்வரும் அதையே திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. ஒரு நோயாளியின் பில்லை முதல் சர்வர் இப்போதுதான் மாற்றியது, அதே பில் இரண்டாவது சர்வருக்கும் வேண்டும் என்றால், முதலாவது அந்த பில் இருக்கும் பிளாக்கை (டேட்டாவின் ஒரு துண்டை) டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மெமரியிலிருந்து மெமரிக்கு நேராக அனுப்பிவிடும். இதற்கு கேஷ் ஃப்யூஷன் என்று பெயர். அந்த பிளாக் போகும் பாதைதான் பிரைவேட் நெட்வொர்க்.

அதே பாதையில் இன்னொன்றும் ஓடுகிறது: ஹார்ட்பீட். இரண்டு நோடும் விநாடிக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். லினக்ஸில் வழக்கமான அமைப்பின்படி 30 விநாடி சத்தமே இல்லை என்றால், ஒரு நோடை வெளியேற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று செத்துவிட்டதாக மற்றொன்று நினைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே டேட்டாவில் தனித்தனியாக எழுத ஆரம்பிக்கும். மருத்துவமனை டேட்டாவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இரண்டு நோடையும் சேர்த்து ஆளும் கிளஸ்டர்வேர் என்ற மென்பொருள் இந்த விஷயத்தில் இரக்கமே காட்டாது. ஸ்டோரேஜில் இருக்கும் வோட்டிங் டிஸ்க்கைப் பார்த்து, யார் இருப்பது, யார் போவது என்று முடிவு செய்துவிடும். அது சரியான காரியம்தான். கேபிள் போட்ட நாம் அதற்குத் தவறான தகவல் கொடுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேரும்போது இரண்டு சர்வருக்கும் நடுவே ஒரே ஒரு நீல நிறக் கேபிள், போர்ட்டிலிருந்து போர்ட்டுக்கு நேராகப் போடப்பட்டிருந்தது. நடுவில் ஸ்விட்ச் இல்லை. பார்க்க அழகாக இருக்கும். இரண்டே நோடு, இரண்டு அடி தூரம், எதற்கு ஸ்விட்ச் என்றுதான் எவருக்கும் தோன்றும். இரண்டு வருடம் பிரச்சினையே இல்லாமல் ஓடவும் செய்தது.

அப்புறம் ஒரு நாள் நோடு 2-இன் மதர்போர்டு போனது. நோடு 1 தனியாக முழு மருத்துவமனையையும் தாங்கியது. மூன்று நாள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நாலாவது நாள் மின்வேலைக்காக நோடு 1-ஐ நிறுத்திவிட்டுத் திரும்ப ஏற்றினோம். கிளஸ்டர்வேர் எழவில்லை. டேட்டாபேஸ் எழவில்லை. சர்வரில் ஒரு குறையும் இல்லை, ஸ்டோரேஜ் தெரிகிறது, வோட்டிங் டிஸ்க் தெரிகிறது. லாகை, அதாவது சர்வர் எழுதி வைக்கும் பதிவுகளை, படித்துப் படித்து ஒரு மணி நேரம் போன பிறகுதான் புரிந்தது: பிரைவேட் நெட்வொர்க்குக்கு என்று ஒதுக்கிய போர்ட்டில் லிங்க் (மறுமுனையோடு தொடர்பு) இல்லை. எதிர்முனையில் சர்வரே இல்லை. மதர்போர்டைக் கழற்றி அனுப்பியாகிவிட்டது. நேர் கேபிளில் ஒரு பக்கம் போனால் மறுபக்கத்து லிங்க்கும் போய்விடும். நல்ல நிலையில் இருக்கும் சர்வருக்கு, தன் போர்ட்டு கெட்டதா, எதிரில் இருப்பது கெட்டதா என்று தெரிய வழியே இல்லை. உபயோகிக்க ஒரு பிரைவேட் போர்ட்டும் இல்லாததால் அது எழ மறுத்தது.

ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு பழைய எட்டு போர்ட்டு ஸ்விட்ச்சை எடுத்து வந்து, அந்த நீலக் கேபிளின் மறுமுனையை அதில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடத்தில் கிளஸ்டர்வேர் எழுந்தது. ஸ்விட்ச்சின் மறுபக்கம் எதுவுமே இல்லை. ஆனாலும் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் நோடு 1-க்குத் தேவைப்பட்டது தன் போர்ட்டு உயிரோடு இருக்கிறது என்ற சாட்சி மட்டும்தான். ராக் இன்டர்கனெக்ட்டுக்கு, அதாவது இந்தப் பிரைவேட் நெட்வொர்க்குக்கு, நேர் கேபிளை ஏற்பதில்லை என்று ஆரக்கிள் சொல்வதை நான் முன்பே படித்திருந்தேன். ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இரண்டாவது தடவை நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. அந்தப் பழைய ஸ்விட்ச்சை நம்ப முடியாது என்று, நோடு 2 திரும்பி வந்ததும், இரண்டு பிரைவேட் கேபிளையும் சர்வர் அறையிலிருந்த 24 போர்ட்டு ஸ்விட்ச்சுக்கு மாற்றினேன். மருத்துவமனை லேன் (எல்லா வார்டு கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் நெட்வொர்க்) முழுக்க அந்த ஸ்விட்ச்சில்தான் இருந்தது. பிரைவேட் ஐபி வேறு வரிசை, லேன் ஐபி வேறு வரிசை. எனவே தனி நெட்வொர்க் என்று நினைத்துவிட்டேன். ஐபி வேறாக இருந்தால் நெட்வொர்க் தனியாகிவிடாது. அதே ஸ்விட்ச், அதைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் வீலேன் அமைப்பும் இல்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு வார்டில் மேசையை நகர்த்தியபோது யாரோ ஒருவர் கீழே தொங்கிக்கொண்டிருந்த பேட்ச் கார்டின் இரண்டு முனைகளையும் சுவரில் இருந்த இரண்டு போர்ட்டுகளில் செருகிவிட்டார். தொங்குகிறதே, செருகி வைப்போம் என்ற நல்ல எண்ணம். லூப் உண்டானது. எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட் ஒன்று அதில் சுற்றிச் சுற்றிப் பெருகி, ஸ்விட்ச்சின் எல்லாப் போர்ட்டுகளிலும் கொட்டியது. லேன் படுத்தது. அதோடு ஹார்ட்பீட்டும் மூழ்கியது. லாகில் ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கை வந்தது: நேர வரம்பில் 50 சதவீதம் போயிற்று, 75 சதவீதம், 90 சதவீதம். பிறகு நோடு 2 வெளியேற்றப்பட்டது. லூப்பைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது; அதற்குள் நோடு 2 மூன்று தடவை உள்ளே வர முயன்று மூன்று தடவையும் தோற்றது. லேன் மட்டும் போயிருந்தால் கார்டைப் பிடுங்கியதும் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். டேட்டாபேஸும் சேர்ந்து ஆட்டம் கண்டதால் முழுதாகச் சீராக மேலும் ஒரு மணி நேரம் பிடித்தது. அன்றைக்கு லேப் ரிப்போர்ட்டுகளைக் கையில் எழுதி, அவசரப் பிரிவுக்கு ஆள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு எனக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டேன். பிரைவேட் கேபிளை அலுவலக நெட்வொர்க்கின் ஒரு பகுதியாக நினைக்கவே கூடாது. அது சர்வரின் உள்ளுறுப்பு. ரேமும் டிஸ்க்கும் எப்படியோ அப்படித்தான். பெட்டிக்கு வெளியே ஓடுகிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

புதிய அறையில் அப்படியே செய்தோம். பிரைவேட்டுக்கு என்றே இரண்டு ஸ்விட்ச். இரண்டும் ரேக்குக்குள்ளேயே இருக்கின்றன. மருத்துவமனை லேனுக்கு அவற்றிலிருந்து ஒரு கேபிள்கூடப் போகாது. ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பிரைவேட் போர்ட்டு: ஒன்று மதர்போர்டில் உள்ளது, மற்றது தனியாகச் செருகிய நெட்வொர்க் அட்டையில் உள்ளது. ஒரே அட்டையின் இரண்டு போர்ட்டுகளை எடுத்தால், அட்டை போகும்போது இரண்டும் போய்விடும். மதர்போர்டு போர்ட்டுகள் 'அ' ஸ்விட்ச்சுக்கு, அட்டை போர்ட்டுகள் 'ஆ' ஸ்விட்ச்சுக்கு. மொத்தம் நான்கு கேபிள். எலக்ட்ரீஷியன் அண்ணன் கேட்ட அந்த நாலு செவப்பு ஒயர்.

அவரே இங்கே ஒரு நல்ல காரியம் செய்தார். ரேக்கின் பின்பக்கம் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் இரண்டு பிடியு பட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனி யுபிஎஸ்ஸிலிருந்து வருகிறது. நான் அவசரத்தில் இரண்டு ஸ்விட்ச்சின் பவர் கார்டையும் இடது பட்டையில் மாட்டியிருந்தேன், அதில்தான் காலி இடம் இருந்தது. "ரெண்டு ஸ்விட்ச்சும் ஒரே லைன்ல இருக்குதுங்களே, அந்த யுபிஎஸ் போச்சுன்னா ரெண்டும் போயிருமுங்க" என்றார். கரண்டு வேலை தெரிந்தவர் கண்ணுக்கு உடனே பட்டது. 'ஆ' ஸ்விட்ச்சை வலது பட்டைக்கு மாற்றினோம்.

இரண்டு பாதைகளையும் சேர்த்து ஆள்வதற்கு லினக்ஸில் பாண்டிங் போடலாம். நாங்கள் அதை எடுக்கவில்லை. ஆரக்கிளில் 11.2.0.2-லிருந்து ஹெய்ப் (HAIP) என்ற வசதி இருக்கிறது. இரண்டு போர்ட்டையும் பிரைவேட் என்று அதனிடம் சொல்லிவிட்டால், 169.254 என்று தொடங்கும் முகவரிகளை ஒவ்வொன்றிலும் தானே ஏற்றிக்கொள்ளும். ஒரு போர்ட்டு போனால் அதன் முகவரியை மற்றதற்கு நகர்த்தும். போர்ட்டுகளுக்கு நாம் கொடுக்கும் ஐபி மட்டும் வேறு வேறு சப்நெட்டில் (ஐபி வரிசையில்) இருக்க வேண்டும். எங்களுக்கு 192.168.10, 192.168.20. இன்னொன்று, எதிர்பாராத போர்ட்டு வழியாக வரும் பாக்கெட்டுகளை லினக்ஸ் தூக்கி எறியும் ஒரு பாதுகாப்பு அமைப்பு (rp_filter) உண்டு. பிரைவேட் போர்ட்டுகள் இரண்டு இருக்கும்போது அதை இரண்டிலும் 2 என்று தளர்த்தி வைக்காவிட்டால், கேபிள் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பாதை ஊமையாகவே இருக்கும்.

இனி கேபிள். நான் கையால் கிரிம்ப் செய்த, அதாவது ஒயரை வெட்டி நாமே தலை பொருத்திய, கார்டைப் பிரைவேட் நெட்வொர்க்கில் போடுவதில்லை. கிரிம்ப் செய்வது எனக்குத் தெரியும். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று எட்டு ஒயரின் வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பழைய அறையில் எங்கள் ஜூனியர் தம்பி கிரிம்ப் செய்த ஒரு கார்டு பாடம் கற்றுக்கொடுத்தது. விளக்கு எரிந்தது, பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) போனது. ஆனால் மாதக் கடைசியில் அறிக்கைகள் எடுக்கும்போது மட்டும் டேட்டாபேஸ் இழுத்தது. போர்ட்டின் நிலையைக் காட்டும் இத்டூல் (ethtool) கட்டளையைப் போட்டுப் பார்த்தால் வேகம் 100 மெகாபிட் என்று காட்டியது. ஜிகாபிட்டுக்கு எட்டு ஒயரும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின் போதும். அந்தக் கார்டில் பழுப்பு ஒயர் ஒன்று பின்னைத் தொடவில்லை. போர்ட்டு சத்தமே இல்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, விளக்கை மட்டும் எரியவிட்டிருக்கிறது. "லைட் எரிஞ்சுதே அக்கா" என்று தம்பி வருத்தப்பட்டான். அவன் மேல் தப்பில்லை. லிங்க் விளக்கு மட்டும் பார்த்தால் வேகம் தெரியாது என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எனவே இப்போது கம்பெனியில் செய்து வரும் கேட் 6 கார்டு, முழுக்கச் செம்புக் கம்பி. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பிகள் கடையில் நிறையக் கிடைக்கின்றன. தூக்கிப் பார்த்தாலே எடை குறைவாக இருக்கும். மொத்தச் செலவில் இதில் மிச்சமாகும் பணம் ஒன்றுமில்லை. நீளம் இரண்டு மீட்டர். சர்வரை ரேக்கிலிருந்து முன்னால் இழுத்து ரேம் மாற்றும்போது கேபிள் இறுகாமல் வர வேண்டும். அதே நேரம் சுருட்டிச் சுருட்டிப் பின்னால் அடைக்கும் அளவுக்கு மிச்சமும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினால் உள்ளே முறுக்கு நசுங்கும், வெல்க்ரோ பட்டைதான். சிவப்பு நிறம் பிரைவேட்டுக்கு மட்டும், இந்தக் கட்டடத்தில் வேறு எதற்கும் சிவப்புக் கார்டு வாங்க மாட்டோம் என்று ஸ்டோரிலும் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு முனையிலும் லேபிள்: நோடு, போர்ட்டு, ஸ்விட்ச், ஸ்விட்ச்சின் போர்ட்டு எண். ராத்திரி மூன்று மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் ரேக்கின் பின்னால் குனிந்து நிற்பவர் எந்த முனையைப் பிடித்தாலும் மறுமுனை எங்கே என்று தெரிய வேண்டும்.

இடம் மாற்றிய அன்றைக்கு அதிக நேரம் தின்றது ஜம்போ ஃப்ரேம், அதாவது வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்டுகளை அனுப்பும் அமைப்பு. எங்கள் டேட்டாபேஸ் பிளாக் 8192 பைட். எம்டியு என்பது ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச பைட்; வழக்கமான எம்டியு 1500-இல் ஒரு பிளாக்கை அனுப்ப ஆறு துண்டாக உடைக்க வேண்டும். இது யுடிபி (தொலைந்த துண்டைத் தானாகத் திரும்ப அனுப்பாத முறை), ஆறில் ஒன்று தொலைந்தாலும் மொத்த பிளாக்கும் வீண், திரும்பக் கேட்க வேண்டும். எம்டியு 9000 வைத்தால் பிளாக் முழுசாக ஒரே ஃப்ரேமில் போகும். ஆனால் இரண்டு சர்வர், நடுவில் ஸ்விட்ச் என்று வழியில் இருக்கும் எல்லோரும் 9000-க்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வரும் கோளாறு மோசமானது: ஹார்ட்பீட் பாக்கெட் சின்னது, அது ஒழுங்காகப் போகும், கிளஸ்டர் நலமாக இருப்பதாகக் காட்டும். பெரிய பிளாக்குகள் மட்டும் போய்ச் சேராது. பயனர்களுக்குத் திரை உறையும், நமக்கு எல்லாம் பச்சையாகத் தெரியும்.

அதனால் சாதாரண பிங்கை நம்பக் கூடாது. உடைக்கக் கூடாது என்ற கட்டளையோடு 8972 பைட் பிங் அனுப்ப வேண்டும். 9000-இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் முறை) தலைப்புக்கு 8 போக மிச்சம் அது. 'அ' பாதையில் போனது. 'ஆ' பாதையில் போகவில்லை. அந்த ஸ்விட்ச்சில் ஜம்போ அமைப்பை மாற்றிவிட்டுச் சேமித்திருந்தேன், ஆனால் ரீஸ்டார்ட் செய்தால்தான் அது அமலுக்கு வரும் என்பதைக் கவனிக்கவில்லை. கண்டுபிடிக்க நாற்பத்தைந்து நிமிடம். டேட்டாபேஸ் ஏற்றுவதற்கு முன்பே பார்த்ததால் தப்பித்தோம்.

பிறகு சோதனை. டேட்டாபேஸை ஏற்றி, இரண்டு நோடிலும் வேலை கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். நான் திரைக்கு முன்னால், தம்பி ரேக்குக்குப் பின்னால். முதலில் நான்கு கேபிளும் தனித்தனியாக, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் வெளியே வைத்து. 30 விநாடி வரம்பைத் தாண்டியும் நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? பிறகு 'அ' ஸ்விட்ச்சின் மின்சாரம், அது திரும்பியபின் 'ஆ'. கடைசியாக நோடு 2-ஐ முழுசாக நிறுத்தி, நோடு 1-ஐ ரீபூட் செய்து, தனியாக எழுகிறதா என்று பார்த்தோம். பழைய அறையில் எங்களைக் கைவிட்ட அதே நிலைமை. எழுந்தது. அப்போதுதான் நான் தண்ணீர் குடித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு ஓட்டை இதில் இருக்கிறது. நோடு 1-இன் 'அ' கேபிளும் நோடு 2-இன் 'ஆ' கேபிளும் ஒரே நேரத்தில் போனால், இரண்டு நோடுக்கும் பொதுவான பாதை இல்லாமல் போகும். இரட்டைப் பழுது என்பதால் ஏற்றுக்கொண்டோம். ஆனால் ஏற்றுக்கொண்டதாலேயே இன்னொரு கடமை வருகிறது. இரண்டு பாதை இருக்கும்போது ஒன்று போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. பயனர் புகார் சொல்ல மாட்டார், டேட்டாபேஸ் வேகம் குறையாது. முதல் பழுது வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும், இரண்டாவது வரும் வரை. ஆகவே நான்கு போர்ட்டின் லிங்க் நிலையையும் வேகத்தையும் நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டிருக்கிறேன். லிங்க் போனாலும் வேகம் 1000 மெகாபிட்டிலிருந்து குறைந்தாலும் எனக்கும் தம்பிக்கும் செல்பேசியில் செய்தி வரும். தொலைந்த பிளாக்குகளின் எண்ணிக்கையை டேட்டாபேஸிலிருந்து தினமும் காலையில் எடுக்கிறேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் முதல் செய்தி வந்தது: நோடு 2, 'ஆ' பாதை, லிங்க் இல்லை. ரேக்கின் பின்பக்கம் ஏசி வேலை செய்தவர்கள் ஏணியைச் சாய்த்து வைத்ததில் கார்டின் தலை மடங்கி, பூட்டு நாக்கு உடைந்திருந்தது. ரேக் கதவின் உள்பக்கம் இதே நீளத்தில் இரண்டு சிவப்புக் கார்டு எப்போதும் தொங்கும். ஒன்றை எடுத்து மாட்டி, லேபிள் ஒட்டி, இத்டூலில் 1000 என்று பார்த்து, 8972 பிங் போட்டுவிட்டு வெளியே வந்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கீழே பில்லிங் கவுன்டரில் வரிசை வழக்கம்போல நகர்ந்துகொண்டிருந்தது. ஸ்டோருக்கு இன்னொரு சிவப்புக் கார்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.